மீனைத் தொடாத நீதிபதி

நான்கு லட்சத்து நாற்பத்து இரண்டாயிரம் தினார். மிலென்கோ தன் மனைவி ஜிவானாவிடம் கொடுக்க வேண்டிய பாக்கி அது. மகள் கலினாவின் சோற்றுக்கும் செருப்புக்கும் மாதாமாதம் கொடு என்று கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டு இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. முதல் மாதத்துப் பணமே இன்னும் வரவில்லை.

"பணத்துக்காக நான் வரல," என்றாள் ஜிவானா, எங்கள் ஆபீஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி. "ஒரு கையெழுத்துக்கு வந்திருக்கேன்."

ஆபீஸ் என்றால் ரொட்டிக்கடை மாடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கரி அடுப்பு. மேசைக்குப் பின்னால் துப்பறியும் தெசிமிர். அடுப்புக்குப் பக்கத்தில் நான், போஷ்கோ. தன்யூப் ஆற்றுத் துறையில் மூட்டை தூக்கி முதுகு போன பிறகு இவரிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். அவர் யோசிப்பார், நான் தூக்குவேன். யோசனைகள் அவ்வளவு கனமாக இருப்பதில்லை. அதனால் பெரும்பாலும் சும்மாதான் இருப்பேன்.

"லூப்லியானால ஒரு ஆஸ்பத்திரி சமையல்கட்டுல வேலை கிடைச்சிருக்கு," என்றாள் ஜிவானா. "புது வருஷம் பொறந்ததும் சேரணும். கலினாவைக் கூட்டிக்கிட்டு எல்லை தாண்டணும்னா அப்பன் சம்மதிச்சு கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா விவாகரத்து முடிஞ்சு, கோர்ட் குழந்தையை எங்கிட்ட ஒப்படைக்கணுமாம். ரெண்டுக்கும் அந்த ஆளு வேணும். ஆளு இல்ல. நான் மட்டும் போனா குழந்தை இங்க. குழந்தைக்காக நின்னா வேலை போச்சு."

"சம்மன் அனுப்பினாங்களா?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு கத்தை உறையைக் கொட்டினாள். எல்லாம் திரும்பி வந்தவை. ஒவ்வொன்றின் மேலும் தபால்காரரின் அழகான கையெழுத்து: 'தற்சமயம் இல்லை. விரைவில் திரும்புவார்.'

தெசிமிர் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மோசக்காரன்யா இந்தத் தபால்காரன். 'காணவில்லை'ன்னு எழுதியிருந்தா, கோர்ட் மிலென்கோவுக்குப் பதிலா ஒரு வக்கீலை உட்கார வச்சு கேஸை முடிச்சிருக்கும். 'இருக்கார், வாங்க மாட்டேங்கறார்'னு எழுதியிருந்தாலும் முடிஞ்சிருக்கும். இது ரெண்டுமே இல்ல."

"ரெண்டு வருஷமா சிகரெட் வாங்கப் போயிருக்கார் பாஸ்," என்றேன். "கடையில கூட்டம் போல."

ஜிவானா சிரிக்கவில்லை. தெசிமிர் கேட்டார்: "வேற ஏதாவது விசேஷமா நடக்குதாம்மா? உங்க வீட்டுப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமையானா கதவுப் பிடியில ஒரு கெண்டை மீன் தொங்கும். அது மேல் வீட்டு ஸ்தனோயே வேலை. பொண்டாட்டி செத்த மனுஷன். ஒரு நாள் நன்றி சொன்னேன். மீசையைத் தடவிக்கிட்டு, 'அதுக்கென்ன'ன்னாரு."

"அவரு மீன் பிடிப்பாரா?"

"மாடிப்படி இறங்கவே ரெண்டு பேரு பிடிக்கணும்."

தெசிமிரின் இடது புருவம் ஏறியது. அது ஏறினால் என் முழங்காலுக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

"மிலென்கோ வீட்டு ஸ்லாவா எதும்மா?"

"புனித நிக்கோலா." சொல்லிவிட்டு அவளே நிமிர்ந்தாள். "இன்னைக்கு!"

எங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் குலசாமி மாதிரி ஒரு புனிதர் உண்டு. அவர் நாள்தான் ஸ்லாவா. அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவர் யாரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை. கதவு திறந்தே கிடக்கும். வீட்டுக்காரன் உட்காராமல் நின்றபடி பரிமாறுவான். கடைசி விருந்தாளி எழும்வரை வீட்டை விட்டு அசைய மாட்டான். பொண்டாட்டியை விட்டவன் உண்டு, ஊரை விட்டவன் உண்டு. ஸ்லாவாவை விட்டவன் கிடையாது.

"இன்னைக்கு ஒரு நாள் அவன் ஒளிய முடியாது," என்று தெசிமிர் கோட்டை மாட்டினார். "வீட்டுக்குப் போய் போனைப் பக்கத்துல வச்சுக்குங்கம்மா."

"பாஸ், இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நிக்கோலாதான் ஸ்லாவா. மீதிப் பாதிப் பேர் அவங்க வீட்டுல விருந்தாளி. எத்தனை வீடு ஏறுறது?"

"உன் வயிறு தாங்கற வரைக்கும்."

முதலில் கீழே ரொட்டிக்கடைக்காரர் வீடு. வாசலிலேயே தட்டு நீண்டது: வேகவைத்து, வாதுமைக் கொட்டையும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த கோதுமை. சிலுவை போட்டு ஒரு கரண்டி வாயில் வைத்தால் நீங்கள் விருந்தாளி. பிறகு ரக்கியா, எங்கள் ஊர்ப் பழச் சாராயம். பிறகு மீன், ஏனென்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலம், இறைச்சி கூடாது. நான் மூன்று துண்டு மீன் சாப்பிட்டேன். கடைக்காரர் முகம் தொங்கியிருந்தது.

"நீயாவது சாப்பிடறியே. நீதிபதி அம்மா இப்பத்தான் போனாங்க. ஒரு கரண்டி கோதுமை, ஒரு மடக்கு ரக்கியா, அவ்வளவுதான். மீனைத் தொடல. என் வீட்டுக்காரி உள்ள உட்கார்ந்து அழுவுறா."

"உடம்பு சரியில்லையோ?" என்றார் தெசிமிர்.

"போன வாரம் எங்க கடையில ஒரே மூச்சுல ஏழு பன் தின்னாங்க."

இரண்டாவது, மருந்துக்கடைக்காரர் வீடு. அங்கே வந்துபோனவர் நோட்டரி. "அவசரமா இன்னொரு வீடு இருக்குன்னார். மீனைப் பார்த்து, 'அடடா'ன்னார். 'அடடா'ன்னுட்டு யாராவது எழுந்து போவாங்களா?"

மூன்றாவது, பள்ளிக்கூட வாத்தியார் வீடு. அங்கே மீனைத் தொடாமல் போனவர் குழந்தைகள் நல அதிகாரி. வாத்தியாரின் மனைவி அந்தத் தட்டை அப்படியே எடுத்து என் முன்னால் வைத்தாள். குழந்தைகள் நலனுக்காக அதையும் சாப்பிட்டேன்.

தெருவுக்கு வந்ததும் தெசிமிர் நின்றார். குளிரில் அவர் மூச்சு புகைந்தது.

"ஸ்லாவா அன்னைக்கு மீன் தொடாம எழுந்து போறவன் ஒண்ணு நோயாளியா இருக்கணும், இல்ல..."

"மரியாதை தெரியாதவனா இருக்கணும்."

"இல்லய்யா. வயித்துல இடம் மிச்சம் வைக்கறவனா இருக்கணும். இதைவிட நல்ல மீன் எங்கயோ காத்துக்கிட்டிருக்கு. இந்தக் கரையில நல்ல மீன் சூப் வைக்கறவன் யாரு?"

"மிலென்கோதான் பாஸ். அவன் கல்யாணத்துல அவனே வச்சான். மாப்பிள்ளை கையில கரண்டியோட சர்ச்சுக்கு வந்தான்."

"நீதிபதி, நோட்டரி, குழந்தைகள் நல அதிகாரி. இந்தக் கேஸ்ல மிலென்கோவைத் தேட வேண்டிய ஆளுங்கள்ல இன்னும் யாரு பாக்கி?"

பதில் எங்களைத் தாண்டி நடந்துபோனது. தபால்காரர். மெருகு போட்ட கறுப்பு ஷூ, ஒரு கையில் ஒயின் பாட்டில், இன்னொரு கையில் காப்பித்தூள் பொட்டலம். ஷூ போட்ட மனுஷன் தார் ரோட்டை விட்டு இறங்கி ஆற்றங்கரைச் சேற்றில் நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

கடைசி வீட்டையும் தாண்டி, வில்லோ மரங்களுக்குப் பின்னால், அது மிதந்துகொண்டிருந்தது. எண்ணெய்ப் பீப்பாய்கள் மேல் பலகை அடித்து, பலகை மேல் ஒரு மர வீடு. கூரையில் தகரப் புகைபோக்கி. பின்பக்கம் பளபளவென்று ஒரு பெரிய எஞ்சின். மிளகாய்த்தூள் போட்ட மீன் சூப்பின் வாசனை கரையைத் தாண்டி வந்து என் காலரைப் பிடித்து இழுத்தது.

தெசிமிர் தொப்பியைக் கழற்றினார். "தபால்காரன் பொய் எழுதலடா போஷ்கோ. மிலென்கோ எப்பவும் வீட்டுலதான் இருந்திருக்கான். வீடுதான் ஒரே எடத்துல இருக்கல."

கரைக்கும் வீட்டுக்கும் நடுவே நடைபலகை. அதில் மூன்றாவது பலகை உடைந்திருந்தது. என் கால் அதற்குள் போய் வந்தது. கதவு திறந்தே இருந்தது. ஏப்ரன் கட்டிய மிலென்கோ, ஆறடி ஆள், கையில் கோதுமைத் தட்டோடு வாசலில் வந்து நின்றான். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. ஆனால் கை தானாக நீண்டது.

"வாங்க. புனிதர் பேரால..."

நான் அன்றைய நாலாவது கரண்டியைப் பழக்கதோஷத்தில் விழுங்கினேன். தெசிமிர் விழுங்கவில்லை. அவர் கோட்டுப் பைக்குள் ஜிவானா கொடுத்த சம்மன் இருந்தது, சம்மதப் பத்திரம் இருந்தது. கரண்டி உதட்டுக்கு முன்னால் நின்றது.

"என்ன பாஸ்?"

"இதைச் சாப்பிட்டா நான் விருந்தாளி," என்றார் பல்லைக் கடித்தபடி. "விருந்தாளி வீட்டுக்காரன் கையில கோர்ட் பேப்பர் நீட்ட முடியாது."

"சாப்பிடாட்டி?"

"புனிதரை அவமானப்படுத்தினவன். நாளைக்கு எனக்கு இந்த ஊர்ல ரொட்டி கிடைக்காது."

மிலென்கோ பொறுமையாக நின்றான். இருபது வருஷமாகத் திருடர்களையும் ஓடிப்போன புருஷர்களையும் மடக்கிய தெசிமிர், ஒரு கரண்டி கோதுமையிடம் தோற்றார். விழுங்கினார். மிலென்கோவின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"உள்ள வாங்க, சூப் ஆறிடும்!"

உள்ளே மெழுகுவத்தி எரிந்தது. நீண்ட மேசை. தலைப்பக்கம் நீதிபதி அம்மா, கழுத்தில் துண்டு செருகி. வலப்பக்கம் நோட்டரி. இடப்பக்கம் குழந்தைகள் நல அதிகாரி. கடைசியில் ஷூவைத் துடைத்துக்கொண்டு தபால்காரர். இரண்டு வருஷமாக மிலென்கோவைத் தேடிக்கொண்டிருந்த சட்டம் முழுவதும் மிலென்கோ வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருந்தது.

நீதிபதி அம்மா எங்களைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் இங்க நீதிபதியா வரல," என்றார் நீதிபதி அம்மா. "விருந்தாளியா வந்திருக்கேன். விருந்துக்கு வந்த எடத்துல யாரைப் பார்த்தேன்னு ஆபீஸ்ல போய்ச் சொல்றது மனுஷத்தனம் இல்ல."

"போன வருஷமும் விருந்தாளியாத்தான் வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"போன வருஷம் கொஞ்சம் உப்புக் கம்மி," என்றார் நோட்டரி.

தெசிமிர் உட்கார்ந்தார். ஒரு தட்டு சூப் வாங்கினார். ஒரு வாய் குடித்தார். பிறகு, கடைத்தெருவில் கத்திரிக்காய் விலை கேட்பதுபோலக் கேட்டார்: "அம்மா, ஒரு சட்ட சந்தேகம். சம்மன் கைக்குப் போகலேன்னா விவாகரத்து ஆகுமா?"

"எப்படி ஆகும்?"

"அப்ப சட்டப்படி ஜிவானா இன்னும்..."

"மிலென்கோ மனைவிதான்."

"மனைவின்னா, இந்த வீட்டுல அவங்க விருந்தாளியா? வீட்டுக்காரியா?"

நீதிபதி அம்மாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. மிலென்கோ ரொட்டி வெட்டுவதை நிறுத்தினான். தெசிமிர் எழுந்து நடைபலகைக்குப் போய் போன் செய்தார். "உங்க வீட்டு ஸ்லாவாவுக்கு நீங்களே இன்னும் வரலியேம்மா," என்பது மட்டும் காதில் விழுந்தது.

திரும்பி வந்து என் தோளை அமுக்கினார். "கடைசி விருந்தாளி எழுந்தாத்தான் வீட்டுக்காரனுக்கு விடுதலை. நீதான் கடைசி. அவங்க வர்ற வரைக்கும் தின்னுக்கிட்டே இரு."

இந்த வழக்கில் என் பங்கு அதுதான். தின்றேன். தபால்காரர் எழப் பார்த்தார். பரவாயில்லை, நான் இருந்தேன். மிலென்கோவின் கண் எஞ்சின் பக்கம் போனது.

"நினைக்கவே நினைக்காதே," என்றார் நீதிபதி அம்மா. "விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது வீட்டை ஓட்டினா அதுக்குப் பேரு ஆள்கடத்தல்."

நாலாவது தட்டில் என் பெல்ட் முதல் ஓட்டையைத் துறந்தது. ஆறாவது தட்டு வந்தபோது நடைபலகை ஆடும் சத்தம் கேட்டது.

முன்னால் கலினா, ஒன்பது வயது, சிவப்புக் குல்லாய். பின்னால் ஜிவானா. கலினா உடைந்த பலகையைப் பார்க்காமலே, கயிறு தாண்டுவதுபோலத் தாண்டினாள். ஜிவானாவின் கால் உள்ளே போனது. காலை உருவிக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"இங்க ஓட்டை இருக்குன்னு உனக்கு எப்படிடி தெரியும்?"

கலினா குல்லாயை இழுத்துக் காதை மூடினாள். "பாட்டு வகுப்பு..."

"பாட்டு வகுப்புன்னு சொல்லிட்டு இங்கயா வந்தே?"

"இங்கயும் பாடினேம்மா."

குழந்தைகள் நல அதிகாரி தன் சூப்பில் ஒரு முள்ளை மிகவும் கவனமாகத் தேடினார்.

மிலென்கோ வாசலுக்கு வந்துவிட்டான். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிற மனைவி. என்ன செய்வதென்று தெரியாமல், கை பழக்கப்படி கோதுமைத் தட்டை நீட்டியது.

ஜிவானா தட்டைப் பார்த்தாள். கரண்டியைத் தொடவில்லை. தட்டையே அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுக்காரி கோதுமை எடுக்கறவ இல்ல. கொடுக்கறவ."

மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு ஓடியது. அவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தெசிமிரிடமிருந்து பத்திரங்களை வாங்கித் தட்டின்மேல் கோதுமைக்குப் பக்கத்தில் வைத்தாள். மிலென்கோ முன்னால் நீட்டினாள். தட்டில் வைத்து நீட்டியதை ஸ்லாவா அன்றைக்கு வேண்டாமென்று சொல்கிற வாய் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

"ஜிவா," என்றான் அவன். "அதைக் கையில வாங்கினா எல்லாம் முடிஞ்சுபோயிடும். வாங்காத வரைக்கும்..."

"வாங்காத வரைக்கும் என்ன? எனக்குப் புருஷன் இருந்தானா? கதவுல மீன்தான் தொங்குச்சு. அதுக்கும் நான் மேல் வீட்டுக் கெழவனுக்கு நன்றி சொல்லிட்டு இருந்திருக்கேன்!"

"ஸ்தனோயேக்கா?" மிலென்கோ அதிர்ந்தான். "அந்தாளு வாங்கிக்கிட்டானா?"

"மீசையைத் தடவி வாங்கிக்கிட்டார்," என்றேன்.

"பணமாவது அனுப்பியிருக்கலாம்ல?" என்றாள் ஜிவானா. குரல் இறங்கியிருந்தது.

"வேலைக்குப் போனா விலாசம் கேக்கறாங்க. விலாசம் கொடுத்தா சம்மன் வருது."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "சரி. இந்தச் சம்மதத்துல கையெழுத்துப் போடு. குழந்தையை நான் கூட்டிட்டுப் போறேன். பாக்கியை விட்டுடறேன்."

"நீ விட முடியாதும்மா," என்றார் நீதிபதி அம்மா. கழுத்துத் துண்டை எடுத்துவிட்டிருந்தார். "அது உன் பணம் இல்ல. குழந்தையோட பணம். அப்பாவும் அம்மாவும் பேசி அழிச்சுக்க முடியாது."

"ரெண்டு வருஷத்துல நீங்க சொன்ன முதல் தீர்ப்பு இதுதாம்மா," என்றாள் ஜிவானா.

நீதிபதி அம்மா துண்டை மடிக்க ஆரம்பித்தார். காது சிவந்திருந்தது.

அப்போது கலினா கேட்டாள். "அப்பா, அங்க போய் நான் லெட்டர் போட்டா எங்க போடறது?"

அடியில் பீப்பாய்கள் ஒன்றோடொன்று மோதின.

"நான் கொண்டாந்து கொடுத்துடறேன் பாப்பா," என்றார் தபால்காரர்.

மேசையிலிருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க கொண்டு வருவீங்க," என்றாள் கலினா. "வீடு இங்க இருக்குமா?"

மிலென்கோ அவளைப் பார்த்தபடி நின்றான். பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டரி பக்கம் திரும்பினான். "வருஷா வருஷம் அந்த எஞ்சினைக் கேப்பீங்கள்ல?"

"நாலு லட்சம்," என்றார் நோட்டரி. அவ்வளவு வேகமாகச் சொன்னதில் வாயிலிருந்த ரொட்டி பறந்தது. யாரும் கேட்காமலே போனை எடுத்துப் பணத்தை ஜிவானா கணக்குக்கு அனுப்பினார். ஜிவானாவின் பைக்குள் போன் கூவியது.

"இன்னும் நாற்பத்து இரண்டாயிரம்," என்றார் தெசிமிர்.

நீதிபதி அம்மா யோசித்தார். "வெள்ளிக்கிழமை மீனெல்லாம் யாரு சாப்பிட்டது?"

ஜிவானா தரையைப் பார்த்தாள். சாப்பிடவில்லை, தெருவில் எறிந்தேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. "தலையை நான் சாப்பிடுவேன்," என்றாள். "மத்ததெல்லாம் கலினா. ஒரு வெள்ளிக்கிழமைகூட வீணாகல."

"அப்ப குழந்தை கணக்குல வரவு வச்சாச்சு. தலைகளை மட்டும் கழிச்சுக்கறேன்."

"தலைக்கு எவ்வளவும்மா?" என்று நோட்டரி ஆரம்பித்தார்.

"தலைக்கு ஒண்ணுமில்ல. வாயை மூடிக்கிட்டு முத்திரையை எடுங்க."

முத்திரை அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. மிலென்கோ சம்மதத்தில் கையெழுத்திட்டான். பிறகு, அதிகம் யோசித்தால் கை நின்றுவிடும் என்பதுபோல, சம்மன் ரசீதிலும் போட்டான். தபால்காரர் ரசீதை வாங்கி, தன் அழகான கையெழுத்தில் முதன்முறையாக எழுதினார்: 'வீட்டில் இருந்தார்.' எழுதிவிட்டு அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வாசலுக்குப் போனார். அந்தப் பக்கமெல்லாம் ஒற்றைப்படை எண்கள், கரையின் கடைசி வீடு முப்பத்து ஒன்று. இவர் கதவில் பெரிதாக முப்பத்து மூன்று என்று எழுதினார். கலினா அதைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

"மெழுகுவத்தி அணையற வரைக்கும் நான் இந்த வீட்டுக்காரி," என்றாள் ஜிவானா, ஏப்ரனை மிலென்கோவின் இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டியபடி. "நாளைக்கு இல்ல. யாருக்கு இன்னும் சூப் வேணும்?"

எல்லோரும் தட்டை நீட்டினார்கள். நான் மட்டும் நீட்டவில்லை. பாஸ் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். எஞ்சினின் திருகுகளை மிலென்கோ ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். கடைசித் திருகுக்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"தூக்கு போஷ்கோ," என்றார் தெசிமிர். "யோசிக்கறதெல்லாம் முடிஞ்சுது."

முன்னால் நான், பின்னால் தபால்காரர். "பாத்து, பாத்து, கீறிடப்போகுது," என்று நோட்டரி கூடவே ஓடிவந்தார். ஆறு தட்டு சூப்போடு, அந்த நான்கு லட்சத்தைத் தோளில் வைத்து நடைபலகையில் நடந்தேன். உடைந்த பலகையை இந்தத் தடவை நானும் பார்க்காமலே தாண்டினேன். கரையில் இறக்கி வைத்து நிமிர்ந்தபோது, முதுகு ஒரு முறை சொடக்கியது. பாக்கி அவ்வளவுதான்.